கோ விழாத அம்மா

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. அவளுக்கு ரெண்டு காலு. சிரிக்காதடி, எல்லாருக்கும் ரெண்டு காலுதான், தெரியும். ஆனா இவ காலு இருக்கே, அது சும்மாவே இருக்காது. சோறு வடிக்கிறப்போ ஆடும், துணி மடிக்கிறப்போ ஆடும். துறுதுறு துறுதுறுன்னு. பேரு மரகதம்.

நீ மொதல்ல போர்வைய ஒதைக்காம படு. ம் கொட்டணும், அப்பத்தான் கதை நகரும்.

ம்.

அந்த மரகதத்துக்கு ஒரு வீட்டுக்காரர், தணிகைவேல்னு. ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து வயிறு முன்னாடி வந்துடுச்சு. மூத்தவன் ஒரு பையன், பரணி. சின்னவ ஒரு பொண்ணு, மின்னு. இந்த மின்னு உன்னை மாதிரியே, ஒரு எடத்துல குந்த மாட்டா. தலை பின்னி முடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிடுவா. ஒரு பக்கம் சடை, ஒரு பக்கம் விரிச்ச தலை, அப்படியே தெருவெல்லாம் சுத்துவா. உக்காருன்னு சொன்னா அவளுக்கு அடி வாங்கின மாதிரி மொகம் போயிடும்.

அப்போ ஒரு நாள் டாக்டரு தணிகைவேலைப் பார்த்து, "சார், இப்படியே போனா ஆகாது, கொஞ்சம் ஓடி ஆடுங்க"ன்னு சொல்லிட்டாரு. தணிகைவேல் வீட்டுக்கு வந்தாரு, டிவியப் பட்டுன்னு நிறுத்தினாரு. "இனிமே ஞாயித்துக்கெழமை ஆனா குடும்பமா வெளாடப் போறோம். லீவு விட்டா ஊருக்குப் போயும் வெளாடப் போறோம்"னாரு. பரணி குதிச்சான், மின்னு குதிச்சா. மரகதம் காலும் பொடவைக்குள்ள குதிச்சுது. யாரும் பாக்கல.

ஏன் குதிச்சுதுன்னு கேளு.

ம்?

மரகதம் பள்ளிக்கூடத்துல கோ-கோ ஆடினவ. தெரியுமில்ல, வரிசையா குந்தியிருப்பாங்க, ஒருத்தி இந்தப் பக்கம் பாத்து, ஒருத்தி அந்தப் பக்கம் பாத்து. துரத்துறவ ஓடி வந்து முதுகுல தட்டி "கோ"ன்னு சொன்னா, குந்தியிருந்தவ விருட்டுன்னு எந்திரிச்சு ஓடணும். தட்டினவ அவ எடத்துல குந்திக்கணும். தட்டாம எந்திரிச்சா பீப்புன்னு விசில். தப்பாட்டம். மரகதம் எந்திரிச்சான்னா எதிர்க் கட்சிப் பிள்ளைங்க பாதி தூரத்துலயே நின்னுடுமாம். ஆனா ஒரு தடவை கூட கோ விழாம எந்திரிச்சதில்ல. அதுல அவளுக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமைதான் வெனையாப் போச்சு. கேளு.

அப்புறம் மொதல் ஞாயித்துக்கெழமை வந்துச்சு. தெருவுல ஒரே வண்டின்னு மாடிக்கே போனாங்க. துணி காயப்போடற கொடிதான் வலை. ரப்பர் வளையத்தை வீசிப் புடிக்கிற ரிங் பால் ஆடறதுன்னு முடிவு. மரகதம் பொடவைய நல்லா எடுத்துச் சொருகிக்கிட்டு படியேறி வந்தா. வந்ததும் தணிகைவேல் வாட்ச்சைக் கழட்டினாரு. "மரகதம், இதைக் கொஞ்சம் பாத்துக்க." பரணி செருப்பைக் கழட்டினான். "அம்மா, இதையும்." மின்னு வளையல், கொலுசு, ஜடை ரிப்பன் எல்லாத்தையும் மடியில கொட்டினா. "அம்மா, அங்க வடாம் காயுது பாரு, காக்கா வருது."

அவ்வளவுதான். மரகதம் வடாம் பக்கத்துல குந்திட்டா.

விஷ்ஷ்ஷ்ன்னு ரிங்கு போகுது, டப்புன்னு புடிக்கிறாங்க, தொப்புன்னு விழறாங்க, ஒரே சிரிப்பு. காக்கா கா கான்னுது. மரகதம் "ச்சூ ச்சூ"ங்கறா, காலு தரையில டக் டக் டக்குங்குது. அப்போ என்ன ஆச்சு, பரணி வீசின ரிங்கு தப்பிப் போயி சுவரைத் தாண்டப் பாத்துச்சு. மரகதம் குந்தின எடத்துலேருந்தே ஒரு கையை நீட்டினா. டப். புடிச்சா. விஷ்ஷுன்னு திருப்பி வீசினா, நேரா தணிகைவேல் நெஞ்சுல போயி நின்னுச்சு.

மூணு பேரும் வாயத் தொறந்துக்கிட்டுப் பாத்தாங்க. மரகதம் மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருந்தா. இப்போ கூப்புடுவாங்க, இப்போ கூப்புடுவாங்கன்னு.

"அடேயப்பா, நல்லாப் புடிச்ச போ"ன்னாரு தணிகைவேல். "அந்தத் தண்ணி பாட்டிலை இப்படிக் குடு."

குடுத்தா. திரும்பவும் குந்திட்டா.

வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல, நானும் வரேன்னு? கேக்க மாட்டா. கேட்டு வாங்கினா அது கோ இல்லையாம். அவங்களா வந்து தட்டணுமாம். இப்படி ஒரு புடிவாதம் உண்டா? எனக்கே கோவம் வருது அவ மேல. அவங்க மேலயும்தான்.

தூங்கிட்டியா? காலு ஆடுதே, தூங்கல.

ம்.

அப்புறம் பரீட்சை லீவு விட்டுது. கொடைக்கானல் போனாங்க. ஏரியச் சுத்தி சைக்கிள் விடணும்னு ஒரே பரபரப்பு. வாடகை சைக்கிள் வரிசையா நிக்குது. பரணி ஒண்ணு எடுத்தான். தணிகைவேலும் மின்னுவும் ரெண்டு பேரு மிதிக்கிற சைக்கிள் ஒண்ணு எடுத்தாங்க. பையி, குடை, தொப்பி, புளிசாத டப்பா எல்லாம் பெஞ்சு மேல வந்து விழுந்துச்சு. பொத்து, பொத்து, பொத்து. "மரகதம், கொரங்கு வரும், பாத்துக்க." ட்ரிங் ட்ரிங்ன்னு போயிட்டாங்க.

சைக்கிள் வாடகைக்கு விடறவரு வந்து, "ஏம்மா, நீங்க ஓட்டலையா? நல்ல லேடீஸ் சைக்கிள் இருக்கு"ன்னாரு. மரகதம் ஏரி ஓரமாப் பாத்தா. "வருவாங்க, வந்து சொல்லுவாங்க"ன்னா. பெஞ்சுக்கு அடியில அவ காலு ரெண்டும் சர்ரு சர்ருன்னு காத்துலயே பெடல் மிதிக்குது. ஏரிய ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. தூரத்துல மின்னு கைய ஆட்டறா. மரகதம் எந்திரிக்கத் தயாரா நுனியில வந்து குந்தினா, முதுகை நல்லா நிமித்தி வெச்சுக்கிட்டு. சைக்கிள் பக்கத்துல வந்துச்சு.

"அம்மா, வேர்க்குது, ஸ்வெட்டரைப் புடி"ன்னு மூஞ்சி மேல தூக்கிப் போட்டுட்டு சைக்கிள்லயே போயிட்டா மின்னு.

மரகதத்துக்கு அழுகை வந்துச்சு. நடு ரோட்டுல என்ன அழுகைன்னு அவிச்ச சோளம் ஒண்ணு வாங்கி நறுக்கு நறுக்குன்னு கடிச்சா. பாதி சோளத்தைக் கொரங்கு புடுங்கிட்டுப் போச்சு. அதைத் துரத்தவும் எந்திரிக்கல.

ம்.

மறுநாள் காலையில, தங்கியிருந்த எடத்துல மரகதம் மின்னுவுக்குத் தலை பின்னினா. பின்னிக்கிட்டே இருக்கறப்போ மின்னு கேட்டா, "ஏம்மா, உன் காலு ஏன் இப்படி ஆடுது? என் தலையெல்லாம் ஆடுது."

"ஓடணும்னு ஆடுது."

"ஓட வேண்டியதுதானே?"

"நான் கோ-கோக்காரி. யாராச்சும் முதுகுல தட்டி கோ சொல்லணும்."

"அவ்வளவுதானா? நான் சொல்றேன்."

"சொல்றவ என் எடத்துல குந்தணும்டி. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

மின்னுவுக்கு மொகம் போயிடுச்சு. குந்தறதுன்னா அவளுக்கு எப்படின்னுதான் தெரியுமே. பின்னி முடிச்சதும் விருட்டுன்னு ஓடிட்டா. மரகதம் சீப்புல இருந்த முடிய எடுத்துச் சுருட்டிப் போட்டா.

அன்னிக்குச் சாயங்காலம் அங்க இருந்த புல்வெளியில குடும்பம் குடும்பமா ரிலே ஓட்டம் வெச்சாங்க. குடும்பத்துக்கு மூணு பேரு. ஒருத்தர் ஓடி வந்து அடுத்தவர் கையில குச்சியக் குடுக்கணும். கடைசியில கயிறு கட்டியிருக்கும். மொதல்ல தணிகைவேல், அப்புறம் பரணி, கடைசியில மின்னு. கடைசி ஓட்டம் எனக்குத்தான்னு மின்னு ரெண்டு நாளா சொல்லிச் சொல்லி எல்லார் காதும் புளிச்சுப் போச்சு. மரகதம்? வேற எங்க, மின்னு நிக்கற கோட்டுக்குப் பின்னாடி, செருப்பு, பையி, தொப்பிக்கு நடுவுல.

பீப்புன்னு விசில். தணிகைவேல் தொம் தொம் தொம்முன்னு ஓடறாரு. தஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. குச்சி பரணி கைக்கு வந்துச்சு. பரணி பறக்கறான். பக்கத்துல ஒரு மதுரைக் குடும்பம் முன்னாடி போகுது. "மின்னு, ரெடியா இரு"ன்னு கத்தறான். மின்னு கைய நீட்டிக்கிட்டு குதிக்கிறா. அப்போ பின்னாடி ஏதோ சத்தம். டக் டக் டக் டக்.

திரும்பிப் பாத்தா. அம்மா காலு. புல்லு பேந்து மண்ணு தெரியுது, அந்த ஆட்டம் ஆடியிருக்கு. கையி ரெண்டும் செருப்பை இறுக்கிப் புடிச்சிருக்கு. கண்ணு கயித்து மேலயே இருக்கு.

குச்சி மின்னு கையில வந்து விழுந்துச்சு. "ஓடு"ங்கறான் பரணி. மின்னு ஓடினா. முன்னாடி ஓடல. பின்னாடி ஓடினா. ஓடி வந்து அம்மா முதுகுல பட்டுன்னு தட்டினா.

"கோ."

எந்திரிச்சாளே மரகதம்! செருப்பு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், புளிசாத டப்பா உருண்டு கடகடன்னு போகுது. குச்சியப் புடுங்கினா, பொடவைய ஒரு இழுப்பு இழுத்துச் சொருகினா, சர்ர்ர்ருன்னு போனா பாரு. மதுரைக்காரங்க பையன் என்ன வருதுன்னு தெரியாம ஒதுங்கி நின்னுட்டான்.

ஜெயிச்சாளான்னு கேக்கறியா? அது யாருக்குத் தெரியும். கயித்தை இழுத்துக்கிட்டே போயிட்டா. கயித்தைத் தாண்டியும் நிக்கல. புல்வெளிய ஒரு சுத்து, இன்னொரு சுத்து. முடி அவுந்து விழுந்து, சிரிச்சுக்கிட்டே ஓடறா.

தணிகைவேல் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து பாத்தாரு. செருப்புக்கு நடுவுல மின்னு குந்தியிருக்கா. சம்மணம் போட்டு, ரெண்டு முட்டியையும் கையால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு. கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா எந்திரிக்கல.

"நீ ஏம்மா ஓடல?"

"நான் அம்மா எடத்துல இருக்கேன்பா. இங்க ரொம்ப கஷ்டமா இருக்கு."

தணிகைவேல் அந்தச் செருப்பைப் பாத்தாரு, பையப் பாத்தாரு. அவரு வாட்ச்சும் அதுலதான் கெடந்துச்சு. ஓடற மரகதத்தைப் பாத்தாரு. அவ ஓடி அவரு பாத்ததே இல்ல. மனுசனுக்கு வெக்கமாப் போச்சு. மெதுவாக் குனிஞ்சு மின்னு முதுகைத் தொட்டாரு.

"கோ"ன்னாரு.

மின்னு பிச்சுக்கிட்டு ஓடினா அம்மாகிட்ட. தணிகைவேல் வயித்தைத் தூக்கிக்கிட்டு செருப்புக்கு நடுவுல பொத்துன்னு குந்தினாரு. இருட்டற வரைக்கும் குந்தியே இருந்தாரு. எந்திரின்னு யாரும் சொல்லல, அவரும் கேக்கல.

ம்.

கொட்டாவி வருது பாரு உனக்கு. ஆனா காலு மட்டும் இன்னும் துறுதுறுங்குது. நானும் உன் பக்கத்துலயே குந்திக்கெடக்கேன், எனக்குக் காலே இல்லையா? எங்க, முதுகுல ஒரு தட்டு தட்டிச் சொல்லு.

கோ.

விழுந்துச்சு. அப்போ நான் எந்திரிச்சுப் போறேன். தட்டினவ எடத்தை விட்டு அசையக் கூடாது, விடிஞ்சப்புறம் நான் வந்து தட்டற வரைக்கும். கதை எந்திரிச்சு ஓடிப்போச்சு, அது எடத்துல தூக்கம் வந்து குந்திக்கிச்சு. கண்ணை மூடு.