நடுங்கிய கையும் நாற்பது பானையும்

கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் படு, கண்ணு. காதை மட்டும் கொடு. கதை தானாக வந்து சேரும்.

மேகங்கள் வழி மறந்து போயிருந்த ஒரு காலத்தில், கள்ளிப்பாறை என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. அந்த ஊரில் நீரோட்டம் பார்க்கிறவள் ஒருத்தி இருந்தாள். பெயர் செம்பாயி. இரண்டாகக் கவைத்த வேப்பங்குச்சியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நடப்பாள். அடியில் தண்ணீர் இருந்தால் குச்சியின் நுனி தரையைப் பார்த்துத் தாழும். அவள் காட்டின இடத்தில் அவள் புருஷன் கருத்தான் தோண்டுவான். அவள் சொல் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

ஒரு வருஷம் மழை இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. மூன்றாம் வருஷம் ஊர்க்கிணறு வற்றியது. அந்த வருஷம்தான் செம்பாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

ஊர்த்தலைவர் சடையப்பர் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். “அமாவாசைக்கு எட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள தண்ணி தெரிஞ்சா இங்கேயே இருப்போம். இல்லேன்னா மூட்டையைக் கட்டுவோம். ஆத்துக்கரைக்கு மூணு நாள் நடை.”

மூன்று நாள் நடை. தலைக்கு மேலே வெயில். செம்பாயியின் மடியில் பன்னிரண்டு நாள் பச்சைப்பிள்ளை. அது தாங்காது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். 

செம்பாயி குச்சியை எடுத்தாள். புளியமரத்தடியில் குச்சி தாழ்ந்தது. கருத்தான் இரண்டு நாள் தோண்டினான். புழுதி வந்தது.

ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் குச்சி தாழ்ந்தது. இரண்டு நாள் தோண்டினான். சரளை வந்தது.

களத்து ஓரத்தில் குச்சி தாழ்ந்தது. இரண்டு நாள் தோண்டினான். பாறை வந்தது, கடப்பாரையின் முனையும் போனது.

கருத்தான் குழிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினான். “ஏ புள்ள, தண்ணி வராட்டி என்ன, மூணு குழி இருக்கே! ஆளுக்கொரு வாழைக்கன்னு நடலாம்.”

“சிரிக்காதீங்க. நாளை மறுநாள் அமாவாசை.”

“நாலாவது எங்கேன்னு சொல்லு. தோண்டுறேன்.”

நீ காட்டினது பொய்த்துவிட்டதே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

அவள் குச்சியை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடிக்குப் போனாள். அங்கே ஆனை படுத்த மாதிரி ஒரே கல்லாக ஒரு பாறை. அதன்மேல் ஏறி நின்று குச்சியை நீட்டினாள்.

குச்சி தாழ்ந்தது.

“ஏங்க, இங்க வாங்க! இதுக்கடியில தண்ணி இருக்குமா?”

“ஒரே கல்லு. ஆட்டுக்குட்டியைக் கேட்டாலும் சொல்லும்.”

“குச்சி இருக்குங்குது.” அவள் கைகளைப் பார்த்தாள். “குச்சி இல்லீங்க. என் கைதான் நடுங்குது. பிள்ளை பொறந்ததிலேருந்து இப்படித்தான். அது அழுதாப் பயம், அழலேன்னா அதைவிடப் பயம்.”

கருத்தான் அந்தக் கைகளை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். “அப்ப குச்சியை என்கிட்டக் கொடு.”

“நீங்க ஆத்துக்குள்ள நின்னாலும் அது அசையாது.”

அது உண்மை. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே செம்பாயி யோசித்தாள். பயப்படாத ஒன்றைக் கேட்க வேண்டும். எது பயப்படாது? மூலையில் காலிப் பானை கிடந்தது. பானைக்குப் பிள்ளை கிடையாது. பயமும் கிடையாது.

வீடு வீடாகப் போய், ஒரு பானையும் ஒரு பிடி பஞ்சும் கேட்டாள்.

“குடிக்கவே தண்ணி இல்ல. பானை எதுக்குடி?” என்றாள் பக்கத்து வீட்டு வேலாத்தா.

“கவுத்து வைக்கத்தான் அக்கா.”

நாற்பது வீடு, நாற்பது பானை. பொழுது சாய்கிற நேரத்தில் ஊரைச் சுற்றி நாற்பது இடத்தில், தரையில் பஞ்சை வைத்து, மேலே பானையைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி மண் அணைத்தாள். அடியில் தண்ணீர் இருந்தால் அதன் ஈரம் மேலே வரும். வந்து பானைக்குள் மாட்டிக்கொள்ளும்.

விடிந்ததும் ஊரே கூடிவிட்டது. முதல் பானையைத் தூக்கினார்கள். பஞ்சு காய்ந்திருந்தது. இரண்டாவது, காய்ந்திருந்தது. மூன்றாவதும் அப்படித்தான். சடையப்பர் வீட்டில் மூட்டையைக் கட்டியே விட்டார்கள்.

கரிசல் பள்ளத்தில், புற்றுக்குப் பக்கத்தில், முப்பத்தேழாவது பானை. அதன் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். செம்பாயி பஞ்சைப் பிழிந்தாள். ஒரு சொட்டு விழுந்தது.

கருத்தான் மண்வெட்டியை எடுத்தான். இந்தத் தடவை அவன் தனியாகத் தோண்டவில்லை. ஊரே தோண்டியது. உச்சிப்பொழுதில் ஈர மண் வந்தது. பிறகு சேறு வந்தது. மாலையில் ஊற்று வந்தது, கலங்கலாக, சில்லென்று.

யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. குழந்தைக்கு அன்றைக்குத்தான் தலைக்கு ஊற்றினார்கள். அது ஊரைக் கூட்டி அழுதது.

“இனி உன் பயம் போயிருக்குமே, தாயி?” என்று கேட்டார் சடையப்பர்.

“எங்க போச்சு? இருக்குங்க,” என்றாள் செம்பாயி, பிள்ளையைத் துவட்டிக்கொண்டே. “அது பாட்டுக்கு இருக்கட்டும். இடம் காட்டுற வேலையை மட்டும் அதுக்குக் கொடுக்க மாட்டேன்.”

ஆகையால், கண்ணு, பயப்படுவது தப்பில்லை. பயம் காட்டுகிற இடத்தையெல்லாம் உண்மை என்று நம்பித் தோண்டுவதுதான் தப்பு.