தளபதி பார்த்து அனுமதித்த போர்

மருதூர் ராஜாவுக்குப் போர் என்றால் உயிர். ஆனால் படை புறப்படும் நாளில் மட்டும் தவறாமல் வயிற்றுவலி வந்துவிடும். அதனால் நடப்பதை நடந்தபடி வரைந்து காட்டச் சொல்லி, ஓவியர் கோலப்பனைப் படையோடு அனுப்பிவைப்பார்.

இந்த முறையும் படை வென்று திரும்பியது. கோலப்பன் தான் கண்டதையெல்லாம் அரண்மனைச் சுவரில் தீட்டினார். ராஜா பார்க்கும் முன் தளபதி வல்லபர் வந்து பார்த்தார்.

“ஆற்றங்கரையில் நம் ஆட்கள் விழுந்து கிடக்கிறார்களே, அது எதற்கு? அழித்துவிடும்.”

“அதில் ஒருவன் என் தம்பி, ஐயா.”

“இருக்கட்டும். அது படை ரகசியம்.”

எதிரிக்கு நன்றாகவே தெரிந்த அந்த ரகசியம் நம் ஊருக்கு மட்டும் தெரியக் கூடாதாம். சுண்ணாம்பு வாளி வந்தது. பிணங்கள் போயின. காயங்கள் போயின. எதிர்த்து நின்ற பகைவர்களும், ரத்தம் படிந்த வாள்களும் போயின. மிஞ்சியது குதிரைமேல் தளபதியும், ஓடுகிற எதிரிகளின் முதுகும்தான்.

ராஜா பார்த்துப் பூரித்துப்போனார். “ஒரு கீறல்கூடப் படாமல் ஜெயித்திருக்கிறீரே. அப்படியானால் இந்தத் தடவை யாருக்கும் நடுகல் வேண்டாம். தளபதிக்கு வீரமாலை கொண்டு வாருங்கள்.”

தம்பிக்கு ஒரு கல்கூடக் கிடையாதா? கோலப்பன் பரிதாபமாக விகடர் சாத்தப்பரைப் பார்த்தார். அந்தச் சபையில் ராஜாவிடம் வாய் கொடுக்கிற துணிச்சல் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

சாத்தப்பர் மாலையை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

“எங்கே போகிறீர்?” என்றார் ராஜா.

“லாயத்துக்கு, மகாராஜா. குதிரைக்குப் போட. படத்தைப் பாருங்கள், தளபதி கையில் வாளே இல்லை. எதிர்த்து நிற்க ஆளும் இல்லை. குதிரை மட்டும்தான் கனைக்கிறது. அதைக் கேட்டுத்தான் இத்தனை பேரும் ஓடுகிறார்கள்.”

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. தளபதிக்குப் பொறுக்கவில்லை.

“குதிரையா ஜெயித்தது? ஆற்றைக் கடக்கவிடாமல் பகலெல்லாம் அடித்தார்கள். என் பிள்ளைகள் எத்தனை பேர் தண்ணீரோடு போனார்கள் தெரியுமா? என் தொடையில் ஈட்டி பாய்ந்ததே, அது?”

“படத்தில் காணோமே,” என்றார் சாத்தப்பர்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சுவரைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. “அழித்ததையெல்லாம் மறுபடி வரையும், கோலப்பரே. விழுந்தவர் ஒவ்வொருவருக்கும் கல் நடுங்கள்,” என்றார். தன் கைக்காப்பைக் கழற்றிச் சாத்தப்பருக்குக் கொடுத்தார்.

கோலப்பன் முதலில் தம்பியின் முகத்தை வரைந்தார். கண் கலங்கியது. பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால் தளபதி.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அந்தத் தொடைக் காயத்தை மட்டும் கொஞ்சம் பெரிசாப் போடப்பா.”