ஆறுச்சாமி வேலையில் இருந்த கதை

முட்டாள்கள் சோம்பேறிகள் என்றொரு கருத்து நாட்டில் வேரூன்றியிருக்கிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. இது முழுப் பிழை. சும்மா இருப்பதற்கு ஓரளவு அறிவு வேண்டும். அது இல்லாதவர்கள் ஓயாமல் உழைத்துக்கொண்டிருப்பார்கள். சான்று வேண்டுவோர் சொன்னபடிபாளையத்துக்கே போய்ப் பார்க்கலாம். பஸ் வசதி குறைவு என்பதால், இருந்த இடத்திலிருந்து இதைப் படித்தாலும் போதும்.

சொன்னபடிபாளையத்தில் ஒரு நார் மில் உண்டு. தேங்காய் மட்டையை அடித்து நாராக்கிக் கயிறு திரிக்கும் மில். அதில் நாச்சிமுத்து, குப்புராஜ், தெய்வசிகாமணி, ஆறுச்சாமி என்ற நால்வர் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். எந்தப் பாரமானாலும் மூலைக்கு ஒருவராக நின்று தூக்குவது அவர்கள் வழக்கம். மூத்தவர் நாச்சிமுத்து. மற்றவர்களைவிட அவர் யோசனை வெகுதூரம் போகும். திசைதான் சரியாக இருக்காது.

ஒரு நாள் லாரியில் நார்க்கட்டு ஏற்றும்போது மேஸ்திரி ஆறுச்சாமியிடம், "என்ன ஆனாலும் கயித்தை மட்டும் விட்டுராதே" என்றார். லோடு ஏறியது. லாரி கிளம்பியது. ஆறுச்சாமி கயிற்றை விடவில்லை. நால்ரோட்டு டீக்கடைக்கு முன்னால் லாரி வேகத்தடையில் ஏறி இறங்கியபோதும் விடவில்லை. கால் எலும்புதான் விட்டுப்போயிற்று.

டாக்டர் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, "இந்த ஒரு காலுக்கு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. நீங்களும் எந்த வேலையும் செய்யக் கூடாது. எலும்பு ஒட்ட ரெண்டு மாசம் ஆகும்" என்றார்.

ஆறுச்சாமிக்கு வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சம்பளம் இல்லாமல் போனால், மனைவி சாமியாத்தாளுடன் காங்கயத்தில் மச்சான் ரத்தினசபாபதி வீட்டில் போய் இருக்க வேண்டும். மச்சான் நல்லவர். சோறு தாராளமாகப் போடுவார். கூடவே கரண்டிக்கொரு புத்திமதியும் போடுவார்.

"போன தடவை ரசம் ஊத்தும்போது ஆரம்பிச்சாரு. மோருக்கு வந்தும் முடிக்கலை" என்றான் ஆறுச்சாமி. "இன்னொரு கால் போனாலும் போகட்டும். அந்த வீடு மட்டும் வேண்டாம்."

நண்பர்கள் மூவரும் தொழிலாளர் காப்பீட்டு ஆபீசுக்குப் போய் விசாரித்தார்கள். அங்கிருந்த குமாஸ்தா பொறுமைசாலி. நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "நோய்க்காலப் பணம் வரும். ஆனா ஆறுச்சாமி வேலையில இருக்கணும். வேலையை விட்டு நின்னுட்டா ஒரு பைசா வராது. அதே சமயம் வேலை செய்ய முடியாதவரா இருக்கணும். எங்க அதிகாரி எப்ப வேணும்னாலும் வந்து பார்ப்பாரு. ஏதாவது வேலை செஞ்சது தெரிஞ்சா, அத்தோட சரி."

வெளியே வந்ததும் நாச்சிமுத்து கேட்டார்: "இப்ப ஆறுச்சாமி எங்க இருக்கான்?"

"வீட்டுலங்ணா."

"அவரு எங்க இருக்கச் சொன்னாரு?"

"வேலையில."

மூவருக்கும் வியர்த்துவிட்டது. பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் நடையும் ஓட்டமுமாக ஊர் திரும்பினார்கள்.

வேலை என்ற சொல்லுக்குப் பழைய அகராதிகளில் கடல் என்றும் ஒரு பொருள் உண்டு. நம் ஆட்களுக்கு அகராதி பார்க்கும் பழக்கம் இல்லாதது நல்லதாயிற்று. ஆறுச்சாமியைக் கட்டிலோடு மில் வரைக்கும்தான் தூக்க வேண்டியிருந்தது.

அதிலும் ஒரு சிக்கல். கட்டிலுக்கு நான்கு கால். தூக்க நின்றவர்கள் மூவர்.

"நாலாவது கால் எப்பவும் ஆறுச்சாமி பிடிக்கிறது" என்றான் குப்புராஜ்.

"அவன் பிடிச்சா வேலை செஞ்ச மாதிரி ஆயிரும்" என்றான் தெய்வசிகாமணி.

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முகத்தில் தெளிவு இருந்தது. "டாக்டர் என்ன சொன்னாரு? ஒரு காலுக்கு எந்த வேலையும் கொடுக்கக் கூடாதுன்னாரு. ரம்பத்தை எடு."

நான்காவது காலை அறுத்தெடுத்து, அது ஓய்வில் இருக்கட்டும் என்று வீட்டிலேயே ஒரு தலையணை மேல் வைத்துவிட்டு, ஆளுக்கொரு காலாகக் கட்டிலைத் தூக்கினார்கள். கால் இல்லாத மூலையை நோக்கி ஆறுச்சாமி சரிந்துகொண்டே போனான். மில்லை அடைந்தபோது பாதி உடம்புதான் கட்டிலில் இருந்தது. அவன் மட்டை போடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். கட்டில் கவிழப் பார்த்தது. குப்புராஜ் தோள் கொடுத்தான். பிறகு அவனால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

மேனேஜர் வந்து பார்த்தார். சொன்னபடிபாளையத்தில் பத்து வருஷம் இருந்தவர். "என்ன?" என்றார்.

"ஆறுச்சாமி வேலையில இருக்கான் சார்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஊரில் காரணம் கேட்பதை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார்.

சற்று நேரத்தில் ஆறுச்சாமியின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. அவன் கையைத் தூக்கினான்.

"கையை எறக்கு" என்றார் நாச்சிமுத்து.

"ஈ ஓட்டறதெல்லாம் ஒரு வேலையாங்ணா?"

"அது வேலையே இல்லை. அதுதான் ஆபத்து. யாவாரம் இல்லாத கடைக்காரனை என்ன சொல்றோம்? ஈ ஓட்டறான்னு சொல்றோம். ஈ ஓட்டறவனுக்கு வேலை இல்லைன்னு அர்த்தம். நீ வேலையில இருக்கோணுமே."

ஆறுச்சாமிக்கு நியாயம் புரிந்தது. கையை இறக்கினான். ஈ தங்கிவிட்டது.

"அப்ப நான் ஓட்டட்டுமா?" என்றான் தெய்வசிகாமணி.

"உன் ஈயா அது? அவன் ஈ. நீ ஓட்டினா அது வேலை. தாராளமா ஓட்டு."

ஆக குப்புராஜ் காலாக நின்றான். தெய்வசிகாமணி ஈ ஓட்டினான். நாச்சிமுத்து மேற்பார்வை பார்த்தார். இயந்திரம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

மதியம் சாமியாத்தாள் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தாள். மெல்லுவது வேலையா என்று வாதம் எழுந்தது. பல் தேய்கிறதே, தேய்மானம் உள்ள இடத்தில் வேலை உண்டு என்று முடிவாயிற்று. மறுநாளிலிருந்து கஞ்சி.

"முழுங்கறது வேலையில்லைங்களாண்ணா?" என்று சாமியாத்தாள் கேட்டாள்.

"அது எறக்கம், ஆத்தா. தானா போயிரும்."

நாலைந்து நாள் கழித்துக் காப்பீட்டு அதிகாரி வந்தார். கட்டிலையும், கட்டிலுக்குத் தோள் கொடுத்து நின்றவனையும், துண்டை வீசிக்கொண்டிருந்தவனையும் பார்த்தார். "இதுல ஆறுச்சாமி யாரு?" என்றார்.

ஆறுச்சாமி வாய் திறக்கவில்லை. பதில் சொல்வது அதிகாரி கொடுத்த வேலை என்று அவனாகவே கண்டுபிடித்திருந்தான்.

"படுத்திருக்கறவனுங்க" என்றார் நாச்சிமுத்து. "வேலையில இருக்கான் சார். வேலை ஒண்ணும் செய்யறதில்லை. நீங்க சொன்னபடியே."

"அந்த ரெண்டு பேர்?"

"அவங்களுக்கு உடம்பு நல்லாத்தாங்க இருக்குது."

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஐயா, உடம்பு முடியாதவர் வீட்டுலதான் இருக்கணும். அடுத்த வாரம் திரும்ப வருவேன். அப்ப இவரு வீட்டுல இருக்கணும். இல்லைன்னா பணம் நின்னுரும்."

"அப்ப வேலையில இருக்க வேண்டாமுங்களா?"

"வேலையிலயும் இருக்கணும்" என்று அதிகாரி பழக்கதோஷத்தில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஆறுச்சாமி கண்ணில் நீர் திரண்டது. "மச்சான் வீடுதானுங்ணா" என்றான்.

"அழுகாதே. அதுவும் வேலை" என்றார் நாச்சிமுத்து. "வீட்டுல இருக்கோணும், வேலையில இருக்கோணும். சரி. வீடுன்னா என்ன?"

"சுவரு" என்றான் குப்புராஜ், கட்டிலுக்கு அடியிலிருந்து.

"மில்லுலயும் இருக்கு."

"கூரை."

"இருக்கு. நம்ம வீட்டுதைவிட ஒழுகல் கம்மி. வேற என்னதான் வித்தியாசம்?"

மில்லுக்கும் வீட்டுக்குமாக வெயிலில் கஞ்சி சுமந்து அலுத்துப்போயிருந்த சாமியாத்தாள் எரிச்சலோடு சொன்னாள்: "வீடுன்னா கதவு இருக்கும். வர்றவங்க தட்டுவாங்க. நான் போய்த் திறப்பேன். வேறென்ன?"

மூவரும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள்.

அன்றே நாச்சிமுத்துவும் தெய்வசிகாமணியும் ஆறுச்சாமி வீட்டு வாசல்கதவை நிலையோடு பெயர்த்து எடுத்துவந்தார்கள். நம்பர் தகடு, மாவிலைத் தோரணம் எதையும் விடவில்லை. கட்டிலுக்கு எதிரே நட்டு, இருபுறமும் கயிறு கட்டி நிறுத்தினார்கள். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மில்தான். அடுப்பும் வந்து சேர்ந்தது. இனிமேல் கஞ்சி சுமக்க வேண்டாம் என்பதால் சாமியாத்தாள் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். கதவைச் சுற்றிக்கொண்டு நேரே கட்டிலருகே வந்துவிட்டார்.

நாச்சிமுத்து பதறிப்போனார். "சார், சுவத்துக்குள்ள பூந்து வர்றீங்களே. கதவைத் தட்டுனாத்தானே வீட்டுல இருக்கறது தெரியும்."

அதிகாரி ஏதோ சொல்ல வந்தார். இன்னும் பல ஊர் பாக்கி இருந்தது, வெயிலும் ஏறியிருந்தது. அவர் சுற்றிக்கொண்டு திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார்.

சாமியாத்தாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு திறந்தாள். "யாருங்க?"

"ஆறுச்சாமி வீட்டுல இருக்காருங்களா?"

"இருக்காருங்க. உள்ள வாங்க."

அதிகாரி உள்ளே வந்தார். ஒரு நார்க்கட்டின் மேல் சற்று நேரம் உட்கார்ந்தார். ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்தார். பணம் வரும் என்று சொல்லிவிட்டு, போகும்போது கதவைத் தாமாகவே சாத்திவிட்டுப் போனார்.

பணம் வந்தது. மச்சான் வீட்டுக்குப் போகும்படி ஆகவில்லை.

கால் விட்டுப்போன செய்தி இதற்கிடையில் காங்கயத்துக்கு எட்டி, ரத்தினசபாபதி நலம் விசாரிக்க ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஸ் ஏறினார். வந்து பார்த்தால் வீட்டில் ஆளும் இல்லை, கதவும் இல்லை. தலையணையில் ஒரு கட்டில் கால் மட்டும் படுத்திருந்தது. இப்படித் திறந்து கிடக்கிற வீட்டைப் போட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை; வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். மூன்று வேளையும் அவருக்குச் சாப்பாடு மில்லிலிருந்து, அந்தக் கதவைத் திறந்துகொண்டுதான், போய்க்கொண்டிருக்கிறது.