வெடித்த நுனி

பொதிகை அடிவாரத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு சின்ன ஆசிரமம் இருந்தது. அதை நடத்தியவர் துளசியம்மை. நாற்பது வயது இருக்கும். அவருடைய சிஷ்யை வடிவு அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். வடிவு குருவை "அம்மா" என்பாள். குரு அவளை "வடிவக்கா" என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

கணவன் இறந்தபின் வடிவு இங்கே வந்துவிட்டாள். சமையல்கட்டு அவள் பொறுப்பு. ஒரே மகள் பூங்கோதைக்கு ஓசூரில் வேலை.

பூங்கோதை பள்ளிப்படிப்பு முடித்து ஹாஸ்டலுக்குப் போன முதல் மாதமே, இடுப்புவரை இருந்த முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருஷம் முழுக்க வடிவு அவளோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் பேசினார்கள். சாப்பிட்டியா, அங்கே மழையா, அந்த அளவுக்கு.

இந்தப் பங்குனியில் அவளே போன் செய்தாள்.

"நாலு நாள் லீவு கிடைச்சிருக்கு. அங்க வரட்டுமா?"

பெற்ற மகள் வரட்டுமா என்று கேட்கிறாளே என்று வடிவுக்கு என்னவோ போல் இருந்தது. "வா" என்று மட்டும் சொன்னாள்.

வந்தவளைப் பார்த்ததும் வடிவின் கண் முதலில் போனது தலைக்குத்தான். முடி மறுபடி வளர்ந்து இடுப்பைத் தொட்டிருந்தது. அன்று சாயங்காலம் மகளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். ஆபீஸ் கதை ஒன்று சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

மறுநாள் காலையில் பூங்கோதை குளித்துவிட்டு வந்து, குனிந்து நின்று துண்டால் முடியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். வடிவு சீப்போடு பக்கத்தில் போனாள். முடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நுனியெல்லாம் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து, வெளுத்துப்போய் நார் மாதிரி இருந்தது.

"என்னட்டி இது, துடைப்பம் மாதிரி? நுனி பூரா வெடிச்சுக் கெடக்கு. எண்ணெயே காட்டுறது இல்லையா? சூடு மிஷினை வச்சு இழுத்து இழுத்து இப்படி ஆக்கி வச்சிருக்கியா? உக்காரு, வாரிவிடுதேன்."

பூங்கோதை முடியை விடுவித்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. நானே பாத்துக்கறேன்."

கொஞ்ச நேரம் கழித்து, துண்டைக் கொடியில் போட்டபடியே சொன்னாள்.

"நாளைக்குக் காலைல கிளம்பறேன்."

"நாலு நாள்னு சொன்னியே?"

"வேலை இருக்கு."

வடிவு சீப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனாள். குரு குளித்து முடித்து, ஈரத் தலையோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, வெடிச்ச முடியை ஒட்ட வைக்க என்ன மருந்து?"

"ஒண்ணும் இல்லக்கா."

"வெந்தயம் அரைச்சுப் போட்டா? செம்பருத்தி? முட்டை போட்டா சேந்துக்கிடும்னு சொல்லுதாங்களே?"

"கொஞ்சம் பளபளப்பா இருக்கும். தொட்டா மெத்துன்னு இருக்கும். வெடிச்சது வெடிச்சதுதான். அப்படியே விட்டா மேல ஏறும். நுனியை வெட்டறதுதான் வழி."

"வெட்டணும்னா அவ உக்காரணும்லா?"

"உக்கார மாட்டேங்கிறாளா?"

"நாளைக்கே போறாளாம். நான் என்னம்மா சொல்லிட்டேன்? முடியைத்தானே சொன்னேன்."

குரு ஒரு படி கீழே இறங்கி, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"எனக்கு வாரிவிடுங்க வடிவக்கா."

வடிவுக்குப் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள். உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுவந்தாள். பாதியில் சிக்கியது. இன்னும் அழுத்தி இழுத்தாள். முடி அறுகிற சத்தம் கேட்டது. குருவின் தலை பின்னால் வந்து போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வடிவு மறுபடி உச்சியிலிருந்து இழுத்தாள். மறுபடி அறுந்தது.

என்னவோ தோன்றி, எட்டி முகத்தைப் பார்த்தாள். குருவின் கண்ணில் நீர் முட்டி நின்றது.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா நிறுத்துவீங்களா?"

"இது என்னம்மா கேள்வி? நீங்க சொல்லி நிறுத்தாம இருப்பேனா?"

"பூங்கோதை சொன்னப்போ நிறுத்தினீங்களா?"

வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வடிவு சீப்பை மடியில் வைத்தாள். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கிற காலைகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. அடுப்பில் ஒரு கண், கடிகாரத்தில் ஒரு கண். முழங்காலுக்கு நடுவே இடுக்கிப் பிடித்த சின்னத் தோள்கள். வலிக்குதும்மா, வலிக்குதும்மா என்று ஒரு குரல். ஆடாம இரு என்று சீப்பின் முதுகால் உச்சந்தலையில் ஒரு தட்டு.

குரு திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் அநாதை இல்லத்துல வளந்தவ" என்றார் குரு. "சின்னப் பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தான் சடை போடுவேன். என்கிட்ட அழாத பிள்ளையே கிடையாது. அப்புறம் ஒருத்திதான் சொல்லிக் குடுத்தா, கீழேருந்து வாரு அக்கான்னு. அவளுக்கு ஆறு வயசு இருக்கும்."

வடிவு லேசாகச் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"ஈரம் கொஞ்சம் காயட்டும்" என்றார் குரு. "ஈரத்துல இழுத்தா முடி தாங்காது. காஞ்சதும் ஒரு கையால நடுவுல பிடிச்சுக்குங்க. அதுக்குக் கீழ சிக்கை எடுங்க. இழுப்பு உங்க கையோட நிக்கணும். தலைக்குப் போகக் கூடாது."

வெயில் படியில் ஏறும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு வடிவு நுனியிலிருந்து ஆரம்பித்தாள். குரு கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பூங்கோதை பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். வடிவு வாசலில் வந்து நின்றாள். கையில் அகலப் பல் சீப்பு, கத்தரிக்கோல், தேங்காய் எண்ணெய்க் கிண்ணம்.

"வாரிவிடட்டுமா?" என்றாள். "வலிச்சா சொல்லு. நிறுத்திடுதேன்."

பூங்கோதை மடித்த துணியைக் கையில் வைத்தபடியே அம்மாவைப் பார்த்தாள். பிறகு துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சீப்பு பட்டதுமே அவள் தோள்கள் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. வடிவு அதைப் பார்த்தாள். அந்தத் தோள்களை அவள் எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறாள். முடியை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனிச் சிக்கை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

கொஞ்சம் மேலே போனாள். "வலிக்குதா?"

"இல்லம்மா."

இன்னும் கொஞ்சம் மேலே. "இப்போ?"

"வலிச்சா சொல்றேன்மா. நீ வாரு." மகளின் குரலில் சிரிப்பு இருந்தது. தோள்கள் எப்போது இறங்கின என்று வடிவு கவனிக்கவில்லை.

"எவ்வளவு வெட்டட்டும்?"

"நீயே பாத்து வெட்டேன்."

"உன் முடி. நீ சொல்லு."

பூங்கோதை இரண்டு விரலை வைத்துக் காட்டினாள். வெடிப்பு அதற்கும் மேலே ஏறியிருந்தது வடிவுக்குத் தெரியும். இரண்டு விரல் அளவுதான் வெட்டினாள். பூங்கோதை முடியை முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

"இன்னும் வெடிச்சிருக்கேம்மா."

"இருக்கு."

"சொல்லியிருக்கலாமே?"

வடிவு சீப்பில் ஒட்டியிருந்த முடியை எடுத்துப் போட்டாள்.

"சரி, இன்னும் ரெண்டு விரல் வெட்டு."

வெட்டி முடித்து, எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, நுனியில் மட்டும் தடவினாள். தடவி முடிந்தும் பூங்கோதை எழுந்திருக்கவில்லை. பின்னால் சாய்ந்து அம்மாவின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். பை திறந்தபடி கிடந்தது.

அவள் மறுநாள் போகவில்லை. லீவு முடிகிறவரை இருந்துவிட்டுத்தான் போனாள்.

மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்த வடிவு நேராகக் குருவிடம் போனாள். குரு திண்ணையில் உட்கார்ந்து காய்ந்த மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். வடிவும் ஒரு முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நல்லா வெட்டியாச்சு. துண்டை முறுக்காதேன்னு சொல்லியிருக்கேன். மெதுவாத்தான் சொன்னேன். ராத்திரி தளர்வா பின்னிக்கோன்னு சொன்னேன். எண்ணெயும் குடுத்து விட்டிருக்கேன். இனிமே வெடிக்காதுல்லா?"

"வெடிக்கும்கா."

வடிவின் முகம் வாடிப்போனது. "இவ்வளவு பாத்துமா?"

"வளர்ற முடி. வெயிலும் காத்தும் படத்தான் செய்யும். மூணு நாலு மாசத்துல நுனி மறுபடி வெடிக்கும்."

"அப்போ என்னம்மா செய்ய?"

குரு ஒரு மிளகாயின் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"ஆடியில வரச் சொல்லுங்க."