எதிர் நாற்காலியிலிருந்து ஓர் அழைப்பு

இது நடந்திருக்கும் என்று நான் பல வருடம் நம்பவில்லை. சொன்னவர் டாக்டர் அருள்மாறனேதான். தன் மூக்கு உடைபட்ட கதையை ஒருவர் விருந்துக்கு விருந்து சொல்வாரா?

கடையநல்லூரில் பீடி சுற்றும் ஓர் அம்மாவுக்கு நாள்பட்ட முடக்குவாதம். பழைய டாக்டர் ஓய்வுபெற, கிளினிக்குக்குப் புதிதாக வந்த அருள்மாறன் முதல் நாளே அவளுடைய மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார். ஏன் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் விரல்கள் மடங்க மறுத்தன. விரல் மடங்காவிட்டால் பிழைப்பு இல்லை.

திரும்பப் போனாள். "ஐயா, அந்த மாத்திரை..." என்று அவள் தொடங்கும்போதெல்லாம் அவருடைய போன் அடித்தது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, போனில் வந்தவர்களிடம் மட்டும் பொறுமையாகக் கேட்டுக்கேட்டுப் பேசினார். வைத்ததும் இவளிடம், "சுருக்கமா சொல்லும்மா, வெளிய கூட்டம் நிக்குது" என்றார். மறுபடி போன். மறுபடி சன்னல்.

அந்த அழைப்பு முடிந்ததோ இல்லையோ, அவள் தன் போனை எடுத்து, மருந்துச் சீட்டில் அச்சடித்திருந்த எண்ணைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அவர் திரும்பாமலே எடுத்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மெல்லப் பேசினாள்.

"வாதத்துக்குச் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்துனதுலேருந்து விரல் மடங்கல, ஐயா."

"திடீர்னா நிறுத்தினீங்க? கூடவே கூடாதும்மா! எந்த மடையன் நிறுத்தச் சொன்னான்?"

"திரும்பிப் பாருங்க ஐயா, சொல்லுதேன்."

அன்றே மாத்திரையைத் திரும்ப எழுதிக் கொடுத்தாராம்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டிலும் இதைச் சொல்லிவிட்டு எல்லோரையும்விடச் சத்தமாக அவரே சிரித்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறையும் சொல்லாததை அப்போதுதான் கேட்டேன்:

"அந்த அம்மா பேர் என்ன, டாக்டர்?"