ஒன்பது வருஷத்து நார்

"ஃபில்டர் டப்பாவுக்குள்ள போடுறதுக்கு எது நல்லதும்மா? விலையும் கம்மியா இருக்கணும்."

கேட்டவர் பெயர் தணிகாசலம். வயது அறுபத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். கொளத்தூர் மீன் தெருவுக்கு வெள்ளைச் சட்டையில் வந்தவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இங்கே பத்தடி நடப்பதற்குள் நாலு பேர் தொட்டித் தண்ணீரை மேலே ஊற்றிவிடுவார்கள்.

இந்த வளர்ப்பு மீன் கடை ஜெசிந்தாவுடையது. மூலையில் உட்கார்ந்து தொட்டி மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன் நான். அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள், பத்தாவது ஃபெயில். ஆனாலும் தெரு முழுக்க அவளுக்கு டீச்சர் என்றுதான் பேர். மூன்று கேள்வி கேட்காமல் ஒரு மீன்கூட விற்க மாட்டாள். பதில் பிடிக்கவில்லையென்றால் "போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவாள். இவள் எப்படிப் பிழைக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"பழசு என்னாச்சு சார்?" என்றாள்.

"பழைய ஸ்பாஞ்சு. ஒரே அழுக்கு. கழுவினேன், பிஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"எதுல கழுவினீங்க?"

"தண்ணியிலதான்."

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து போய், டீ கிளாஸ் கழுவும் இடத்திலிருந்து பிரிக்காத பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நார். வெள்ளை நிறம்.

"விளையாடுறீங்களாம்மா?"

"இல்ல சார். ரெண்டு போட்டாப் போதும்."

அவர் கண்ணாடி ஜாடியைக் காட்டினார். அதில் வெளிநாட்டுப் பீங்கான் வளையங்கள்.

"அது?"

"அதுவும் இந்த வேலையைத்தான் செய்யும்."

"அப்ப எதுக்கு அவ்ளோ விலை?"

"வாங்குறவங்க இருக்காங்களே."

அவர் நாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவமானப்பட்ட மாதிரி இருந்தது முகம்.

"ஆறு வாரம் கை வைக்காதீங்க சார். அழுக்கானாலும் கழுவாதீங்க."

"அழுக்கானாலுமா?"

"அழுக்கானாக் கண்டிப்பா."

அவர் போனார்.

*

மூன்றாவது வாரமே திரும்பி வந்தார்.

"ரெண்டு மீன் போயிடுச்சும்மா. ஏழு இருந்தது, இப்ப அஞ்சு."

"நாரைக் கழுவினீங்களா?"

"பழுப்பா வழவழன்னு ஆயிடுச்சு. தொடவே கூசுது. அதை எப்படிம்மா அப்படியே விடுறது?"

டீச்சர் இன்னொரு பாக்கெட்டை எடுத்து வைத்தாள்.

"இதையேவா?"

"இதையேதான்."

"இதுலதான் மீன் செத்துதும்மா!"

"இதுல சாகல சார்."

நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். விஷயத்தை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தால் என்ன இவளுக்கு? எனக்கே ஆத்திரமாக வந்தது.

அப்போது அவருடைய போன் அடித்தது. பதினோரு மணி. ஸ்பீக்கரில் போட்டார். காது கொஞ்சம் மந்தம் அவருக்கு.

"அப்பா."

"சொல்லுப்பா."

"மீன் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"சரிப்பா."

அவ்வளவுதான். போன் அணைந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட இருக்காது.

"என் பையன் சீராளன். ஓசூர்ல இருக்கான்," என்றார். "தொட்டி அவனோடது. வாராவாரம் ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடுவான்."

"வேற ஒண்ணும் கேக்க மாட்டாரா?"

"மாட்டான்."

நாரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். படியில் இறங்கியவர் திரும்பி நின்றார்.

"அந்த மீனும் போயிடுச்சுன்னா எதைம்மா கேப்பான்?"

டீச்சர் மீனுக்கு இரை போடத் திரும்பினாள். எனக்கு என்ன தெரியும்? மோட்டாரைக் கழற்றினேன்.

*

அடுத்த மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இந்தத் தடவை கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே டீச்சர் கொடுத்த நார், கடையில் வாங்கின அன்றைக்கு இருந்ததைவிட வெள்ளையாக.

"ரெண்டே ரெண்டு மீன்தான்மா மிச்சம். மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுங்க. பாக்க முடியல." ஜாடியைக் காட்டினார். "அந்த வளையத்தையே குடுங்க. விலை போனாப் போகுது."

"கையைக் காட்டுங்க சார்."

"என்னது?"

"கையை."

நீட்டினார். டீச்சர் குனிந்து மோந்து பார்த்தாள்.

"ப்ளீச்சிங் பவுடர்."

"கொஞ்சூண்டுதான்மா. அரை ஸ்பூன்."

"எங்க வேலை பார்த்தீங்க?"

"தண்ணி டேங்க்ல. குளோரின் போடுற வேலை. முப்பத்தொரு வருஷம்." அதைச் சொல்லும்போது அவருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. "என் தண்ணியக் குடிச்சு ஒரு குழந்தைக்குக்கூட வயித்தால போனதில்லம்மா."

"நல்ல வேலை சார்," என்றாள் டீச்சர். கிண்டலாகச் சொல்லவில்லை. அவள் கிண்டல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, கடைசியில் இருக்கிற பெரிய தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டாள். அவளுடைய சொந்தத் தொட்டி அது. விற்கிற மீன் அதில் கிடையாது. டப்பாவைத் திறந்து எதையோ பிடுங்கி எடுத்து, சொட்டச் சொட்ட அவர் கையில் வைத்தாள்.

தணிகாசலம் ஓரடி பின்னால் போனார். கீழே போடாமல் பிடித்துக்கொண்டார், அதுவே பெரிய விஷயம். கறுப்பும் பழுப்புமாக, வழுவழுவென்று ஒரு கட்டி.

"என்ன இது?"

"நீங்க சொல்லுங்க."

"அழுக்கு."

"மோந்து பாருங்க."

அவருக்கு மனசே வரவில்லை. மூக்கை எட்ட வைத்துக்கொண்டு மோந்தார். பிறகு கிட்டக் கொண்டுவந்து இன்னொரு தடவை.

"நாறலையே."

"நாறாது."

"மண்ணு வாசனை வருது. மழை பெஞ்ச மாதிரி."

"அதே நார்தான் சார். பாத்திரம் தேய்க்கிற நார். போட்டு ஒன்பது வருஷம் ஆகுது."

"கழுவினதே இல்லையா?"

"ரொம்ப அடைச்சுக்கிட்டா, அந்தத் தொட்டித் தண்ணியையே வாளியில எடுத்து ஒரு அலசு. அவ்ளோதான்."

அவர் அந்த வழவழப்பைக் கட்டைவிரலால் மெல்லத் தொட்டார்.

"இது கிருமிம்மா."

"கிருமிதான். மீன் போடுற கழிவை இதுதான் தின்னுது. இது இல்லன்னா மீன் அதோட மூத்திரத்துலயே மூச்சு முட்டிச் செத்துடும். வளையம் போட்டாலும் சரி, நார் போட்டாலும் சரி, செங்கல்லை ஒடைச்சுப் போட்டாலும் சரி. இது உக்கார ஒரு இடம் வேணும். இடத்துக்கு எதுக்கு விலை?"

"அப்ப நான் ஒவ்வொரு தடவையும் கழுவினது…"

"ஆமா சார்."

கடையில் இருபது மோட்டார் ஓடுகிறது. அவர் நாரை மறு கைக்கு மாற்றினார்.

"மொத நாளே இதை எனக்குக் குடுத்திருக்கலாமேம்மா."

"குடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், பாவம்.

"கழுவியிருப்பேன்."

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நார் கையிலேயே இருந்தது.

"என் பையன் ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தான்மா," என்றார். "போன தையில. கட்டிக்கப் போறேன்னு. என் மனைவி போய் ஆறு வருஷம் ஆச்சு, வீட்டுல நான் மட்டும்தான். அந்தப் பொண்ணு வந்து நாற்காலியில உக்காந்துச்சு. தண்ணி குடிச்சுச்சு. கிளம்பிச்சு. நான் நாற்காலியைக் கழுவினேன்."

"அவங்க போனப்புறமா?"

"வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு இருந்துச்சு."

டீச்சர் அவரையே பார்த்தாள்.

"பழக்கம்பா, யாரு உக்காந்தாலும் கழுவுவேன்னு பையன்கிட்ட சொன்னேன்."

"பழக்கமா சார்?"

அவர் தலை குனிந்தது.

"இல்லம்மா."

எனக்கு அந்த ஆளை ரெண்டு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்றாள் டீச்சர்.

"மஞ்சரி." அந்தப் பெயரை அவர் அதுவரை வாயால் சொன்னதே இல்லை என்று தோன்றியது எனக்கு. "கட்டிக்கிட்டு ஓசூர் போயிட்டான். துணிமணியெல்லாம் எடுத்துட்டுப் போனான். தொட்டியை மட்டும் விட்டுட்டுப் போனான். ஏன் விட்டுட்டுப் போனான்னு எனக்குத் தெரியலம்மா. அன்னிக்குச் சாயங்காலமே எல்லாத்தையும் எடுத்து வெளியில போட்டுத் தேய்ச்சேன். ஃபில்டர் டப்பாவையும் சேர்த்து. டப்பா மேல ஏதோ எழுதியிருந்தது."

"என்ன எழுதியிருந்தது?"

"படிக்கலம்மா. மூக்குக் கண்ணாடி வீட்டுக்குள்ள மேஜை மேல இருந்தது. கை ஈரம். போய் எடுக்கல. அவன் கையெழுத்துன்னு மட்டும் தெரிஞ்சுது. கறை மாதிரி இருக்கேன்னு தேய்ச்சுட்டேன்."

"அவர்கிட்ட கேக்கலையா?"

"அவனே கேட்டான். மொத ஞாயித்துக்கிழமை. 'டப்பா மேல எழுதியிருந்ததைப் பாத்தீங்களாப்பா'ன்னு. அழிச்சுட்டேன்னு எப்படிச் சொல்றது? 'அதெல்லாம் பாத்தாச்சு, இனிமே நானே பாத்துக்குறேன்'னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். சரிப்பான்னு வெச்சுட்டான். அதுலேர்ந்துதான் மீனைப் பத்தி மட்டும் கேக்குறான்."

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பதினொன்று. போன் அடித்தது.

ஒரு கையில் நார். மறு கையால் எடுத்தார்.

"அப்பா. மீன் எப்படி இருக்கு?"

நல்லா இருக்கு என்று சொல்லத்தான் வாய் போனது, பார்த்தேன். நாரிலிருந்து தண்ணீர் அவர் மணிக்கட்டில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது.

"ரெண்டுதான் மிச்சம் சீராளா."

"என்னப்பா சொல்றீங்க?"

"அஞ்சு செத்துப் போச்சு. நான்தான். கழுவிக் கழுவி நான்தான்பா கொன்னுட்டேன். நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு உன்கிட்ட வாராவாரம் பொய் சொன்னேன்."

அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பெண், "மாமாவாங்க?" என்று மெதுவாகக் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"சீராளா, டப்பா மேல என்னப்பா எழுதியிருந்த?"

"நீங்கதான் பாத்தேன்னு சொன்னீங்களே."

"பாக்கல."

"பாக்கலையா? இனிமே நானே பாத்துக்குறேன்னு சொன்னீங்களே அப்பா. அதனாலதானே நாங்க வராம…"

"பாக்கலப்பா. என்ன எழுதியிருந்த?"

பையன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"'அப்பா, இதைக் கழுவ வேண்டாம். மாசம் ஒரு தடவை நானும் மஞ்சரியும் வந்து பாத்துக்குறோம்.' அவ்ளோதான்பா எழுதியிருந்தேன்."

நாரிலிருந்து பழுப்புத் தண்ணீர் வெள்ளைச் சட்டை முழுக்கச் சொட்டியது. அவர் துடைக்கவில்லை. டீச்சர் துண்டை எடுத்தவள், அப்படியே கையில் வைத்துக்கொண்டாள்.

"அழியாத மார்க்கர்னு கேட்டு வாங்கினேன்பா," என்றான் சீராளன். "அது எப்படிப்பா அழிஞ்சுது?"

தணிகாசலம் கையிலிருந்த நாரைப் பார்த்தார்.

"சீக்கிரம் அழியலப்பா," என்றார். "ரொம்ப நேரம் தேய்ச்சேன்."