சர்க்கரை இறங்கிய செவ்வாய்க்கிழமை

மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நஸீமா என்றொரு டாக்டர் இருந்தார். நோயாளிகளிடம் பேசுவதில் அவர் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டு, அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார் குலசேகரன். உணவு ஆலோசகர். டாக்டரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவரைத் தன் குரு என்றுதான் வெளியில் சொல்லிக்கொண்டார்.

உள்ளுக்குள் கதை வேறு. டாக்டரின் அறைக்குள் போனால் ஜனங்கள், "நேத்து கறிக்கொழம்பு தாயி, மூணு தட்டு சோறு" என்று கூசாமல் சொல்வார்கள். டாக்டரும் சிரித்துக்கொண்டே கேட்பார். இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று குலசேகரனுக்கு எரிச்சலாக வரும்.

செவ்வாய்க்கிழமை சர்க்கரைக்காரர்கள் வருகிற நாள். ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தால், வரிசை நடுவிலேயே நிறுத்தி வைத்து ஒரு பிடி பிடிப்பார் குலசேகரன். இறங்கியிருந்தால் எல்லோரையும் கைதட்டச் சொல்வார். அளவுகள் மளமளவென்று இறங்கின. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு செவ்வாயன்று வாயை விட்டே கேட்டுவிட்டார்.

"மேடம், நான் சொன்னா கேக்குறாங்க. நீங்க சொன்னா கேக்க மாட்டேங்குறாங்களே, ஏன்?"

டாக்டர் அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்தார்.

குலசேகரன் விடவில்லை. வரிசையிலிருந்து வீராயியை முன்னால் அழைத்தார். செங்கல் சூளையில் கல் சுமக்கிறவர். போன வாரம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். இன்று காலையில் கொடுத்த ரத்தத்தில் அளவு அருமையாக இறங்கியிருந்தது.

"இவங்களப் பாருங்க! கை தட்டுங்க எல்லாரும்!"

தட்டினார்கள். வீராயி சிரித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. சிரித்தபடியே கால் மடங்கி, எல்லோர் முன்னாலும் தரையில் விழுந்தார்.

டாக்டர் ஓடி வந்து விரலில் குத்தி மறுபடி பார்த்தார். சர்க்கரை அடியோடு இறங்கிப் போயிருந்தது. தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இதே கையால்தானே தட்டினோம் என்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார் குலசேகரன்.

ஒருவழியாக வீராயி கண் விழித்தார்.

"என்னக்கா சாப்ட்டீங்க?" என்றார் டாக்டர்.

வீராயியின் பார்வை குலசேகரன் பக்கம் போனது.

"சார், கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் டாக்டர்.

குலசேகரன் திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். அந்தப் பக்கம் வீராயியின் குரல் மெதுவாகக் கேட்டது.

"ஞாயித்துக்கெழமையில இருந்து வெறுந்தண்ணிதான் தாயி. மாத்திரைய மட்டும் வேளைக்கு ரெண்டா போட்டுக்கிட்டேன். போன வாரம் அந்தச் சாரு அத்தன பேரு முன்னாடி என்னையச் சோத்துப்பானைன்னு சொல்லிப்புட்டாரு. எம் மருமவனும் வரிசையில நின்னாரு."

"நீங்க மட்டுந்தானா?"

"எல்லாருமே செவ்வாக்கெழமைக்கு முந்தின ரெண்டு நாளும் பட்டினிதான். புதன்கெழம உக்காந்து வயிறு முட்டத் திம்போம்."

குலசேகரன் வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு உயிர் போயிருக்கும். வெளியே இன்னும் எத்தனை பேர் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நிற்கிறார்களோ!

டாக்டர் வெளியே வந்ததும் வரிசைக்காரர்கள் எல்லோருக்கும் கஞ்சி கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். குலசேகரன் அவர் பின்னாலேயே போனார்.

"மேடம், இனிமே நான் இவங்ககிட்ட என்னதான் சொல்றது?"

டாக்டர் வரிசையின் நடுவில் நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கக் கேட்டார்.

"சார், நேத்து ராத்திரி நீங்க என்ன சாப்ட்டீங்க?"

அத்தனை கண்களும் குலசேகரனைத் திரும்பிப் பார்த்தன. முந்தின இரவு பஸ் ஸ்டாண்டு கடையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊற்றி ஒரு வெட்டு வெட்டியவர் அவர்.

"ரெண்டு சப்பாத்தி மேடம்" என்றார்.

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது.

டாக்டர் அவரைத் தன் அறைக்குள் அழைத்துப் போய், நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார வைத்தார். கதவைச் சாத்தினார். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க சார். நேத்து ராத்திரி என்ன சாப்ட்டீங்க?"